அது ஏரித் தண்ணீர் இல்லை

முதல் இருமல் வந்தபோது பாதித் தூரத்தைத் தாண்டியிருந்தேன். 2 கிலோமீட்டர் ஏரி நீச்சல். மூன்றாவது மிதவையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குடிக்கவில்லை. அன்று காலை ஏரி அசையாமல் கிடந்தது. ஒரு சிற்றலைகூட முகத்தில் அடிக்கவில்லை.

பத்துக் கை வீச்சுக்குள் மறுபடியும் இருமல். அப்புறம் மூச்சு எட்டவில்லை. வேகமாக நீந்தினால் வாங்கும் மூச்சு எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் மெதுவாகப் போனால் அது அடங்கிவிடும். இது அடங்கவில்லை. எவ்வளவு இழுத்தாலும் காற்று தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. காது தண்ணீருக்குள் இருந்ததால் நெஞ்சுக்குள் நடப்பது தெளிவாகவே கேட்டது. டம்ளரின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரை உறிஞ்சுகுழாயால் இழுக்கும்போது வருமே ஒரு சத்தம், அதே கொறகொறப்பு.

களைத்தால் மல்லாந்து மிதக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மல்லாந்தேன். இன்னும் மோசமானது. கையைத் தூக்கிக் காட்டினேன், கயாக் படகில் இருந்த பையன் வந்து சேர்ந்தான். அதன் முனையைப் பிடித்து உடம்பை நிமிர்த்திய பிறகுதான் ஒரு முழு மூச்சு கிடைத்தது.

கரையில் என்னைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கூட நீந்த வந்த அக்கா, எனக்கு ஆறேழு வருடத் தோழி, முதுகுப்பக்க ஜிப்பை இழுத்து வெட்சூட்டை, குளிருக்காக உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடையை, இடுப்புவரை உரித்துவிட்டார். அந்த நொடியில் நெஞ்சைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததுபோல் இருந்தது. இருமி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் துப்பினேன். நுரை நுரையாக, வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ, அந்தத் துண்டுதான் பிறகு எனக்காகப் பேசியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்த்தவர், "தண்ணி குடிச்சிட்டீங்க, அதான்" என்றார். ஆக்சிஜன் அளவு 86 காட்டியது. விரல் குளிர்ந்திருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டும் என்பதால் கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தார்கள். 88. மாஸ்க் போட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள், போர்வை போர்த்தி உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் 95-க்கு வந்துவிட்டது. மாலையில் பெரிய டாக்டர் வந்தார். துண்டை விரித்துப் பார்த்தார். அல்ட்ராசவுண்ட் கருவியை நெஞ்சின் இரண்டு பக்கமும் வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள், வால்நட்சத்திரத்தின் வால்போல. ஒவ்வொரு மூச்சுக்கும் அவையும் சேர்ந்து அசைந்தன.

"இது ஏரித் தண்ணி இல்லீங்க. உங்க ரத்தத்துல இருந்து கசிஞ்ச தண்ணி" என்றார்.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அந்த வரிக்காகத்தான்.

நீந்தும்போது நுரையீரலில் நீர் கோப்பதை ஆங்கிலச் சுருக்கமாக 'சைப்' என்கிறார்கள். முழுப் பெயர் ஸ்விம்மிங் இண்டியூஸ்டு பல்மனரி எடிமா. ஸ்கூபா கருவியோடு ஆழத்தில் மூழ்குகிறவர்களுக்கு வரும்போது இம்மர்ஷன் பல்மனரி எடிமா என்று சொல்வதும் உண்டு. இரண்டும் ஒரே கதைதான். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பேச்சில் 'நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது' என்பது இரண்டு வேறு நோய்களுக்குப் பொதுவான பெயர். நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்வது ஒன்று. அதை ஊசி போட்டு எடுப்பார்கள். நான் சொல்வது மற்றது. நுரையீரலுக்கு உள்ளேயே, காற்று நிற்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் சேர்வது. இதை ஊசியால் எடுக்க முடியாது. உடம்பே மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

சரி, நன்றாக நீந்திக்கொண்டிருக்கும் ஓர் உடம்பில் ஏன் இப்படிக் கசிகிறது?

கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே உடம்புக்குள் ஒரு பெரிய இடமாற்றம் நடக்கிறது. தண்ணீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் எல்லாப் பக்கமும் பிழிகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அது சுமார் 74 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். கால் ரத்தக்குழாய்களில் சாவகாசமாகத் தேங்கி நிற்கும் ரத்தம் மேலேறி மார்புக்கு வருகிறது. 1972-இல் வெளியான ஓர் ஆய்வில் அளந்து பார்த்தபோது, கழுத்துவரை நீரில் உட்கார்ந்தவர்களின் மார்புக்குள் சுமார் 700 மி.லி. ரத்தம் கூடுதலாக வந்திருந்தது. இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் ரத்தமும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு. தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவதற்கும் இதுதான் காரணம். மார்பில் ரத்தம் நிரம்பியதும், உடம்பில் நீர் அதிகம் என்று இதயம் நினைத்துக்கொண்டு வெளியேற்றச் சொல்கிறது.

அதோடு குளிர் சேர்கிறது. தோலிலும் கைகால்களிலும் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, அங்கிருக்கும் ரத்தமும் உள்ளே ஒதுங்குகிறது. சுருங்கிய குழாய்களுக்கு எதிராகத் தள்ள வேண்டியிருப்பதால் இதயத்துக்கு வேலை கூடுகிறது. அதற்கும் மேல் நீச்சல் என்கிற கடும் உழைப்பு. இறுக்கமான வெட்சூட் போட்டிருந்தால் அதுவும் தன் பங்குக்குப் பிழிகிறது.

இங்கேதான் இதயத்தின் இரண்டு பக்கங்களும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வேண்டும். வலது பக்கம் நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் இருந்து வருவதை இடது பக்கம் வாங்கி உடம்புக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு 150 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இடது பக்கம் ஒரே ஒரு மி.லி. பின்தங்கினால், ஒரு நிமிடத்தில் 150 மி.லி. ரத்தம் நுரையீரலில் தேங்கும். இடது பக்கத்தின் சுவர் கொஞ்சம் விறைத்திருந்தால் போதும், வருவதை வாங்கிக்கொள்ள அது தளர்ந்து விரிய நேரமாகும். நுரையீரலின் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்களில், அழுத்தம் ஏறும். தந்துகிக்கும் காற்றறைக்கும் நடுவில் உள்ள சவ்வு, மிக மெல்லிய இடத்தில், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தம் ஏறினால் அதன் வழியே நீர் கசியும். இன்னும் ஏறினால் சவ்வில் நுண்ணிய கிழிசல் விழுந்து சிவப்பணுக்களும் வெளியேறும். துண்டில் நான் பார்த்த ரோஜா நிறம் அதுதான்.

இது புதிதாக வந்த நோய் இல்லை, கண்டுகொண்டதுதான் தாமதம். பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் இதய மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் 11 பேரைப் பற்றி எழுதினார்கள். குளிர்ந்த நீரில் மூழ்கியபோதோ நீந்தியபோதோ நுரையீரலில் நீர் கோத்தவர்கள். அவர்களை விட்டுவிடாமல் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், பலருக்குப் பிற்பாடு ரத்த அழுத்த நோய் வந்தது தெரிந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். நான் இந்தத் தகவலைப் படித்தது மருத்துவமனையில் இருந்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து, ஓர் இரவில். படித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். ரத்த அழுத்தம் வருவதற்கு முன்பே தண்ணீர் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

1995-இல் இஸ்ரேலில் இருந்து இன்னொரு கட்டுரை வந்தது. கடலில் 2.4 கிலோமீட்டர் நீந்திய ஆரோக்கியமான இளைஞர்கள், அவர்களில் 8 பேருக்கு இந்தப் பிரச்சினை. தண்ணீர் அப்படியொன்றும் குளிராக இல்லை, 23 டிகிரி செல்சியஸ். ஆனால் நீந்துவதற்கு முன் ஆளுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தார்கள். ஆகவே குளிர்நீரில்தான் வரும், வயதானவர்களுக்குத்தான் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். ராணுவப் பயிற்சி பெறும் இருபது வயது இளைஞருக்கும் வரும். ஆனாலும் பொதுமக்கள் கலந்துகொள்ளும் திறந்தநீர் நீச்சல்களில் பெண்களிடமும் வயது கூடியவர்களிடமும் இது அதிகம் தென்படுகிறது. சுவீடனில் வான்ஸ்புரோ என்ற இடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஆற்று நீச்சலை வைத்து ஒரு மருத்துவக் குழு தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது, அங்கேயும் அப்படித்தான். எனக்கு அப்போது வயது 47.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது டிரையத்லான். அமெரிக்க டிரையத்லான் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும் இதயம் திடீரென நின்றுபோன நிகழ்வுகளையும் ஓர் ஆய்வு தொகுத்தது. விபத்துக் காயங்களைத் தவிர்த்தால் மொத்தம் 120. அதில் 90 நீச்சல் பகுதியில் நடந்தவை. ஓட்டத்தில் 15, சைக்கிளில் 7, மற்றவை போட்டி முடிந்த பிறகு. அந்த 90-க்கும் சைப்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதயத் துடிப்பு தடம்புரள்வது முதல் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் இறந்தவர்களில் சிலருடைய இதயத்தின் இடது சுவர் தடித்திருந்ததைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தடிப்பு இருப்பதே தெரியாமல் தண்ணீரில் இறங்கியவர்கள் அவர்கள்.

இனி நான் மனதில் வைத்துக்கொண்டிருக்கும் குறைக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆக்சிஜன் 98. டிஸ்சார்ஜ் தாளில் 'குணமடைந்தார்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கோடுகளைக் காட்டி விளக்கிய அந்தப் பெரிய டாக்டர் அன்று இல்லை. "கொஞ்ச நாள் நீச்சல் வேண்டாம்" என்றார் இளம் டாக்டர். எத்தனை நாள் என்றேன். "நல்லா ஆனதும் போங்க" என்றார். இதயத்துக்கு ஈசிஜி ஒன்றோடு சரி. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, தெரியும். நுரையீரலில் வந்த பிரச்சினை, நுரையீரல் சரியாகிவிட்டது, கோப்பை மூடிவிட்டார்கள். என் கவலையெல்லாம் இந்த இடத்தில்தான். இந்த நோயில் நுரையீரல் வெறும் வாசல். தண்ணீர் வாசலில் வழிந்தது என்றால் வீட்டுக்குள் எந்தக் குழாயில் பிரச்சினை என்று போய்ப் பார்க்க வேண்டும். வாசலைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் மறுபடியும் வழியும்.

எனக்கு அது ஏற்கெனவே ஒருமுறை வழிந்திருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர் காலையில் நீந்திவிட்டு வந்து இரவெல்லாம் இருமினேன். படுத்தால் கொர் கொர் என்றது. மறுநாள் போன கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி இன்ஹேலர் எழுதினார்கள். மூன்று நாளில் சரியானது, இன்ஹேலர்தான் குணப்படுத்தியது என்று நம்பினேன். பல மாதம் நீந்தும் முன் அதை உறிஞ்சிவிட்டு இறங்கியிருக்கிறேன். சைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே வடிந்துவிடும். அதனாலேயே கையில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. ஆஸ்துமா என்றும், பதற்றம் என்றும், தண்ணீர் புரையேறியது என்றும் சொல்லிவிட்டு அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். இது மருத்துவர்களும் ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பச் சொல்வது.

இதயநோய் மருத்துவரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனதும் அந்த அக்காதான். "நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லன்னு ஒரு ஆள் சொல்லட்டும், அப்புறம் நீ எந்த ஏரியில வேணா குதி" என்றார்.

அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்விகள். இறங்குவதற்கு முன் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? (ஒரு லிட்டருக்கு மேல். போட்டிக்கு முன் நிறையக் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன்.) வெட்சூட் புதிதா? (புதிது. ஒரு அளவு சின்னது.) எவ்வளவு வேகமாகத் தொடங்கினீர்கள்? குறட்டை உண்டா? வீட்டில் யாருக்கு ரத்தக்கொதிப்பு? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? படியேறும்போதோ ஓடும்போதோ இப்படி இருமல் வந்திருக்கிறதா? கடைசிக் கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. தண்ணீரில் மட்டும் வந்தால் அது ஒரு மாதிரி, தரையிலும் வந்தால் வேறு மாதிரி, தேடும் திசையே மாறும் என்றார்.

அப்புறம் பரிசோதனைகள். எக்கோவில் வால்வுகள் நன்றாக இருந்தன. வால்வில் கசிவோ சுருக்கமோ இருந்து, தண்ணீரில்தான் முதலில் தெரியவந்தவர்களும் உண்டு என்பதால் அதை முதலில் பார்த்தார். இதயம் அழுத்தித் தள்ளும் சக்தியும் நன்றாக இருந்தது. ஆனால் இடது கீழறையின் சுவர் 11 மி.மீ. பெண்களுக்கு 9 மி.மீ. வரை இயல்பு. சுருங்குவதில் குறை இல்லை, தளர்ந்து விரிவதில்தான் கொஞ்சம் சுணக்கம். ரத்த அழுத்தத்தைக் கிளினிக்கில் பார்த்தால் 136/86. எத்தனையோ வருடமாக அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "பார்டர்லதான் இருக்கு, உப்பைக் குறைங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். நீச்சல் அடிக்கிறவளுக்குப் பிபி எப்படி வரும் என்று நானும் இருந்துவிட்டேன். 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் கருவியை மாட்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை அது புஸ்ஸென்று இறுகும். இரவில் இயல்பாக இறங்க வேண்டிய அழுத்தம் எனக்கு இறங்கவே இல்லை. டிரெட்மில் சோதனையில் மேல் அளவு 212-க்குப் போனது. ரத்தக்குழாய் அடைப்புக்கான மாற்றம் எதுவும் இல்லை.

"தரையில உங்க இதயம் சமாளிச்சிடுது. தண்ணிக்குள்ள 700 மில்லி சேர்த்துக் கொடுத்து, குளிரும் கொடுத்து, வேகமா ஓடுன்னா திணறுது" என்றார். அவ்வளவுதான். பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று தட்டிக்கழிக்கவும் இல்லை.

டெல்மிசார்டான் என்ற மாத்திரையைத் தொடங்கினார். பீட்டா பிளாக்கர் வகையை வேண்டுமென்றே தவிர்த்தார். அந்த வகை மாத்திரை சாப்பிடும் சிலருக்கு நீரில் இந்தப் பிரச்சினை வந்திருப்பது பதிவாகியிருக்கிறது. இதைப் படிப்பவர் யாராவது ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் எடுத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. நீந்துகிறேன் என்பதை உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், போதும்.

சில்டெனாஃபில் பற்றியும் கேட்டேன், வயாக்ரா என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மூன் தலைமையிலான குழு 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சைப் வந்த 10 பேரையும் வராத 20 பேரையும் 20 டிகிரி நீரில் மூழ்கியபடி உடற்பயிற்சி செய்ய வைத்து, நுரையீரல் ரத்தக்குழாயில் உள்ள அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். சைப் வந்தவர்களுக்கு அழுத்தம் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. 50 மில்லிகிராம் சில்டெனாஃபில் கொடுத்த பிறகு இறங்கியது. அந்த ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும், இது நம் கற்பனை இல்லை, உடம்பில் அளந்து காட்டக்கூடிய ஒன்று என்று அது நிரூபித்ததால். ஆனால் டாக்டர் எனக்கு அதைத் தரவில்லை. "முதல்ல பிபியைப் பிடிப்போம்" என்றார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொன்னார். கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் இல்லை இது.

நுரையீரலையும் விட்டுவிடவில்லை. ஒரு வாரம் கழித்து ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் என் அளவு சற்றுக் குறைவாகவே இருந்தது. இஸ்ரேல் கடற்படையில் பயிற்சி பெற்றவர்களைப் பற்றி 2004-இல் வந்த ஆய்விலும் ஒரு வாரம் கழிந்தும் நுரையீரல் கொள்ளளவு முழுதாகத் திரும்பாமல் இருந்தது. எக்ஸ்ரே சுத்தமாவதும் நுரையீரல் முழுசாகத் தேறுவதும் ஒன்றல்ல. ஆறு வாரத்தில் மறுபடி ஊதினேன், இயல்புக்கு வந்திருந்தது. வாயு பரிமாற்றத்தைப் பார்க்கும் சோதனையும் இயல்பு. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. உடம்பு தேறிக்கொண்டிருந்தது, நான் தேறவில்லை. இரவில் படுத்தால் என் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். தொண்டையில் சளி கொஞ்சம் கரகரத்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மகள் ஒருநாள் ஆக்சிமீட்டரை என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, "அம்மா, இதைக் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பாரு. மத்த நேரம் என்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள். அது நல்ல வைத்தியம். ஒரு வாரத்தில் தூக்கம் வந்தது.

மறுபடியும் நீந்தலாமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. முற்றிலும் நிறுத்திவிடச் சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், ஆழத்தில் மூழ்குகிறவர்களுக்குக் குறிப்பாக. அங்கே மூச்சு முட்டினால் சட்டென்று மேலே வர முடியாது. எனக்கு, காரணம் தெரிந்து அது கட்டுக்குள் வந்த பிறகு, நிபந்தனைகளோடு அனுமதித்தார். ஐந்து மாதம் பிபியை எழுதி வைத்தேன். இரவு அழுத்தம் இறங்கத் தொடங்கியது. பிறகுதான் நீச்சல்குளம், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர், கால் தரையில் எட்டும் ஆழம்.

நிபந்தனைகள் எளிமையானவை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன காரணங்களில் ஒன்று இருக்கிறது. தாகத்துக்குக் குடிக்கலாம், போட்டிக்கென்று வயிறு முட்டக் குடிக்கக் கூடாது. வெட்சூட் மூச்சை முழுசாக இழுக்க விட வேண்டும். அந்தப் பழைய சூட்டைக் கொடுத்துவிட்டேன். முதல் பத்து நிமிடம் மெதுவாக. போட்டி தொடங்கியதும் கூட்டத்தோடு பாய்வது இனி எனக்கு இல்லை. தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது. கூட வருகிறவருக்கு என் கதை தெரிந்திருக்க வேண்டும். காரணமில்லாத ஓர் இருமல் வந்தால் அதோடு நீச்சல் முடிந்தது. 'அந்த மிதவை வரைக்கும் போய்விடலாம்' என்ற எண்ணம்தான் இதில் மிகவும் ஆபத்தானது. நீரில் இருக்கும்வரை மார்புக்கு ரத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெளியே வருவதுதான் முதல் மருந்து. வெளியே வந்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும், இறுக்கமானதைக் கழற்ற வேண்டும், உடம்பைச் சூடாக வைக்க வேண்டும், ஆக்சிஜன் இருந்தால் கொடுக்க வேண்டும், ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நீந்துகிறவர்களுக்கு உதவ நிற்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். மூச்சுத் திணறுகிறவரைக் கரையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடாதீர்கள். என்னை வைத்தார்கள். அந்த அரை நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் மறுபடியும் ஏரிக்குப் போனோம். அக்கா கூடவே, ஒரு கை தூரத்தில். கரையோரமாக, 400 மீட்டர் மட்டும். இடுப்பளவு நீரில் முதலில் ஐந்து நிமிடம் நின்றேன். குளிர் ஏறியது, பழகியது. முகத்தை உள்ளே வைத்து மூச்சை விட்டேன். குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடியில் வேறு ஏதாவது கேட்கிறதா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. மெல்ல ஒரு கை, மறு கை.

கரைக்கு வந்ததும் அக்கா ஒன்றும் பேசாமல் என் விரலைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். ஆக்சிமீட்டரை மாட்டினார். 97. பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். வலிய இருமி, துப்பி, இருவரும் குனிந்து பார்த்தோம். வெறும் எச்சில்தான்.